தலைவர் மேல் ஒரு பெஞ்சு வழக்கு

எங்கள் பெட்டியில் நாங்கள் சண்டை போட்டது தூங்கிவிடாமல் இருப்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தோம், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஜெனரல் ஷிப்டு முடிந்து, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஸ்டேஷனுக்கு வந்து, லேடீஸ் பெட்டியில் உடம்பைச் சாய்த்தால் கண் தானாகச் செருகிக்கொள்ளும். நான் மாத்திரைக் கம்பெனியில் மாத்திரைப் பட்டை பார்க்கிறவள். பெல்ட்டில் ஓடி வருகிற பட்டையில் ஏதாவது ஒரு குழி காலியாக இருந்தால் எடுத்துப் போட வேண்டும். நாளெல்லாம் நின்றுகொண்டு இல்லாததைத் தேடுகிற வேலை. சாயங்காலம் கண்ணை மூடினாலும் உள்ளே பட்டை ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்களோடு வருகிற இன்னொருத்தி இரும்புக் கம்பெனியில் செக்யூரிட்டி. அத்திப்பட்டில் இறங்க வேண்டியவள் ஒருநாள் தூங்கிப்போய், பேசின் பிரிட்ஜில் யாரோ தட்டி எழுப்பி, அங்கிருந்து வீட்டுக்குப் போன் போட்டு அழுதாள். ராத்திரி சோறு யார் வடிப்பது என்று வீட்டுக்காரர் கேட்டாராம். அதற்கப்புறம்தான் பெஞ்சு வழக்கு ஆரம்பமானது.

விதி சுலபம். எதிரெதிரே இரண்டு பெஞ்சு. வண்டி போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் 'ஆமாம்' கட்சி. முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள் 'இல்லை' கட்சி. மனசுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டோம். எங்கே இடம் கிடைத்ததோ அந்தப் பக்கம் பேச வேண்டும், அவ்வளவுதான். சம்பளத்தைப் புருஷன் கையில் கொடுக்க வேண்டுமா, மருமகள் நைட்டியோடு கடைக்குப் போகலாமா, பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுவது குற்றமா என்றெல்லாம் வழக்கு நடக்கும். கவரைப்பேட்டையில் ஆந்திரா பக்கம் போகிற எக்ஸ்பிரஸ்களுக்கு வழி விட்டு வண்டி நிற்கும்போது வழக்கு சூடு பிடிக்கும். நாங்கள் நாலைந்து பேரில் முதலில் இறங்குகிறவள் நான், பொன்னேரியில். அதனால் தீர்ப்பு என்னுடையது. சொல்லிவிட்டு இறங்கிவிட்டால் அடிக்க வர ஆளில்லை அல்லவா.

இன்னொரு விதியும் உண்டு. யார் பெயரையும் சொல்லக் கூடாது. ஒருத்தியின் நாத்தனார் பெயர் வழக்கில் வந்து, அது உண்மைச் சண்டையாகி, ஒரு மாதம் இரண்டு பேர் பேசாமல் இருந்தார்கள். அன்று முதல் மாமியார் என்றால் மாமியார், மேனேஜர் என்றால் மேனேஜர்.

மிலிட்டரி அக்கா பேசமாட்டாள். அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல்காரி. மறுநாள் சமையலுக்கான பூண்டை ஒரு பையில் எடுத்து வந்து மீஞ்சூர் வரைக்கும் உரித்துக்கொண்டே வருவாள். எங்கள் பெஞ்சில் எப்போதும் பூண்டு வாசனைதான். முதுகு காட்டி உட்கார்ந்தால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் வண்டி போகிற திசையைப் பார்த்த பெஞ்சில் ஜன்னலோர இடம் அவளுக்குத்தான். ஆக, அவள் நிரந்தர 'ஆமாம்' கட்சி. ஆனால் வாயைத் திறக்கிற கட்சி இல்லை. அவளுடைய ஒரே பிள்ளை பட்டாளத்தில் இருந்தான். அதனால் அந்தப் பெயர்.

எல்லையில் சண்டை வந்தது. அந்த நாட்களைப் பற்றி நான் விவரிக்கப்போவதில்லை, எல்லோரும்தான் டிவியில் பார்த்தார்களே. எங்கள் கம்பெனியில் சைரன் ஊதி, எல்லோரையும் ஷெட்டுக்கு வெளியே உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. செக்யூரிட்டிக்காரிக்கு அந்த நாட்களில் நடையே மாறிப்போனது. கேட்டில் லாரிக்காரர்களின் சோற்றுப் பையைக்கூடத் திறந்து பார்த்தாளாம். மிலிட்டரி அக்கா பூண்டு உரிக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, பையன் போன் ஸ்விட்ச் ஆஃபில் இருப்பதை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்களும் வழக்கு எதுவும் நடத்தவில்லை. தூக்கமும் வரவில்லை.

பிறகு திடீரென்று நின்றுவிட்டது. நிறுத்தியாயிற்று என்று தலைவர் சொன்னதாகச் செய்தி. அன்றைக்கே அக்காவின் பையன் பேசிவிட்டான், உயிரோடு இருக்கிறான். அடுத்த நாள் அவள் கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி போட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

ஆனால் செக்யூரிட்டிக்காரி கொதித்துக்கொண்டிருந்தாள். காலை வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எவனாவது நிறுத்துவானா, செத்தவர்களுக்கு என்ன பதில், இது பச்சைத் துரோகம் என்றாள். சாயங்காலம் இதையே வழக்காக வைத்துக்கொள்ளலாம் என்று லேப் பெண் சொன்னாள். அவள் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிற எம்.எஸ்ஸி. படித்த பெண், எண்ணூரில் இறங்குகிறவள். 'சண்டையை ஒரு தலைவர் பாதியில் நிறுத்துவது துரோகம் ஆகுமா?' என்று கேள்வியையும் அவளே அமைத்தாள். பெயர் கிடையாது, நாடு கிடையாது.

வேடிக்கையைப் பாருங்கள். அன்று கேட்டில் ஏதோ லாரித் தகராறு. செக்யூரிட்டிக்காரி வண்டி கிளம்பும் நேரத்தில் ஓடி வந்து ஏறினாள். மிச்சம் இருந்தது முதுகு காட்டும் பெஞ்சு. துரோகம் துரோகம் என்று காலையெல்லாம் கத்தியவள், தலைவருக்கு வக்கீலாகிவிட்டாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளும் சளைத்தவள் இல்லை. துரோகம் என்பது ராஜாவுக்கு மற்றவன் செய்வது, ராஜாவே எப்படிச் செய்வான் என்று கேட்டாள். வீட்டுக்காரன் தன் வீட்டிலேயே திருட முடியுமா?

லேப் பெண் விடவில்லை. தலைவர் வீட்டுக்காரர் இல்லை, வாட்ச்மேன் என்றாள். வீடு நம்முடையது, சாவியை நாம்தான் அவர் கையில் கொடுத்தோம். சண்டையை ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் அவர் சொந்த விஷயம் இல்லை. அந்தச் சாவியைத் தன் பெயருக்காகவோ, ஓட்டுக்காகவோ, வேறு யாருக்கோ பயந்தோ திருப்பினால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேனை உங்கள் கம்பெனியில் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

தொழிலைத் தொட்டதும் செக்யூரிட்டிக்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. கேட்டைத் திற என்று சில சமயம் மேலேயிருந்து உத்தரவு வரும், ஏன் என்று வாட்ச்மேன் கேட்கக் கூடாது, வெளியே இருப்பவர்களுக்கு உள் விஷயம் தெரியாது என்றாள். தலைவருக்கு மேலே யார் என்று லேப் பெண் கேட்டாள். கடவுள் என்றாள் ஒருத்தி. கடவுளைவிடப் பெரிய நாடு எதுவோ இருக்கிறதாம் என்றாள் இன்னொருத்தி. வண்டி கவரைப்பேட்டையில் நின்றது. எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று கடந்து போகிற வரைக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை.

அது போன பிறகு மிலிட்டரி அக்கா பேசினாள். பூண்டிலிருந்து கையை எடுக்காமல், யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"துரோகம்தான். தலைவரு பண்ணது துரோகம்தான். நிறுத்துனதுக்காக சொல்லல. இன்னிக்கி ஒரு வார்த்தைல நிறுத்த முடிஞ்சிதில்ல? அத அன்னிக்கே நிறுத்தியிருக்கலாமில்ல? நடுவுல பூட்டானுங்களே, அவனுங்க இன்னாத்துக்குப் போனானுங்க? அதச் சொல்லிட்டு நிறுத்தச் சொல்லு."

அக்கா பேசினதே அதிசயம், அதிலும் இப்படிப் பேசியது. பொன்னேரி வந்துவிட்டது. நான் எழுந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கா கட்சி ஜெயித்தது, தலைவர் நாளை முதல் மூன்று நாள் எங்கள் மாத்திரைக் கம்பெனி கேன்டீனில் சாப்பிட வேண்டும், அதுதான் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னேன். பெட்டியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். நான் இறங்கிவிட்டேன்.

அந்தச் சிரிப்பு மட்டும் அந்த வீடியோவில் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பக்கத்து பெஞ்சில் எவளோ ஒருத்தி போனில் பிடித்திருக்கிறாள். வழக்கு என்று ஒருவர் சொன்னது அதில் இல்லை, வாட்ச்மேன் இல்லை, என் தீர்ப்பு இல்லை. "துரோகம்தான், தலைவரு பண்ணது துரோகம்தான்" என்று ஆரம்பித்து அங்கேயே முடிகிறது. கையில் பூண்டு, கழுத்தில் கம்பெனி அட்டை, அக்காவின் முகம். மேலே எழுத்து: 'ராணுவ வீரரின் தாய் ஆவேசம்'. ஆவேசமாம்! எங்கள் பெட்டியிலேயே மெதுவாகப் பேசுகிறவள் அவள்தான்.

இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. மீஞ்சூரில் ஒரு கூட்டம் அவளுக்குச் சால்வை போட வந்தது, போட்டோ எடுக்க வேண்டுமாம். அவர்கள் போன கையோடு இன்னொரு கூட்டம் வந்து, சோறு போடுகிற நாட்டையே திட்டுகிறாயா, நீதான் துரோகி என்று வாசலில் நின்று கத்தியது. சால்வை போட வந்தவர்களும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை, திட்ட வந்தவர்களும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு கூட்டத்தின் மேலும் ஒரே அளவு எரிச்சல்தான். கேன்டீன் கான்ட்ராக்டர், கொஞ்சம் பேஜாரு அடங்கட்டும், அப்புறம் வாங்க என்று சொல்லிவிட்டார். அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. வீட்டில் இருந்து நாலு நாள் தூங்குகிறேன் என்றாள்.

அவள் ஆடிப்போனது பையன் போன் செய்தபோதுதான். வீடியோ அவன் மேலதிகாரி வரைக்கும் போயிருந்தது. அவனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். வீட்டில் என்ன பேசுகிறாய், அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, முகாமில் நடந்ததை வெளியே சொன்னாயா என்று கேட்டார்களாம். எழுத்து மூலமாகப் பதில் கேட்டிருக்கிறார்கள். வேலை போகுமோ, ஜெயிலோ, ஒன்றும் தெரியாத நிலை.

ஞாயிற்றுக்கிழமை நானும் லேப் பெண்ணும் செக்யூரிட்டிக்காரியும் மீஞ்சூரில் அவள் வீட்டுக்குப் போனோம். அக்கா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். செக்யூரிட்டிக்காரி அழுதே விட்டாள். துரோகம் துரோகம் என்று ஊரெல்லாம் சொன்னது நான், எனக்கு ஒன்றுமில்லை, அக்கா மாட்டிக்கொண்டாள் என்று மூக்கைச் சிந்தினாள். நான் அவளை அதட்டினேன். அழுவதற்கு நாங்கள் வரவில்லை. இது ஒரு விளையாட்டு, அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தப் பக்கம்தான் பேச வேண்டும் என்பது உண்மை, அதையே ஒரு வீடியோவாக எடுத்து அனுப்பிவிட்டால் முடிந்தது என்று அக்காவிடம் சொன்னேன். பொய் சொல்லவே தேவையில்லை. எங்கள் கையில் உண்மையே சாக்காக இருந்தது.

"வெளையாட்டு இல்ல" என்றாள் அக்கா.

பிறகு சொன்னாள். பையனோடு பட்டாளத்தில் ஒரு கூட்டாளி இருந்தான், வடக்கே எங்கோ மலைப் பக்கத்துப் பையன். ஒரு லீவில் இருவரும் சேர்ந்து இங்கே வந்தார்கள். அவன் கடலே பார்த்ததில்லை. பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போனால், தண்ணீரை வாயில் வைத்து உப்பு என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் நம்பினானாம். ஒரு வாரம் போலத் தங்கினான். மீன் குழம்பு சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய, இன்னும் ஊற்று என்று தட்டை நீட்டுவான். தன் அம்மாவை அக்காவோடு போனில் பேச வைத்தவனும் அவன்தான். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவள் பாஷை தெரியாது. 'சாப்ட்டியா' என்ற ஒரு வார்த்தையை மட்டும் அந்தப் பையன் தன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறை அந்த அம்மா போன் செய்து, சாப்ட்டியா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாளாம். இவளும் சிரிப்பாளாம். அதுதான் பேச்சு.

சண்டை நிற்பதற்கு முந்தின நாள் அந்தப் பையன் போய்விட்டான். அக்காவின் பையன் உயிரோடு இருக்கிறேன் என்று போன் செய்தபோது சொன்ன இரண்டாவது செய்தி அது. கேசரி கிண்டியதும் அன்றைக்கு அடுத்த நாள்தான். கிண்டும்போது அழுதுகொண்டே கிண்டினேன், பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டதை எப்படி நிறுத்துவது என்றாள்.

"எங்க ஊட்டுல துன்னவன். அவன் செத்தத வச்சித்தான் பேசுனேன். இப்போ வெளையாட்டுக்குப் பேசுனேன்னு சொன்னா அவன் செத்ததும் வெளையாட்டா?"

அந்த நேரம் பார்த்து அவள் பையனே போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டாள். நாங்கள் இருப்பதைச் சொன்னதும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். பல நாள் தூங்காத குரல்.

"ம்மா, நீ மனசுல இன்னா வேணா நெனச்சிக்கோ. நான் வாணான்னு சொல்லல. ஆனா நான் இங்க யூனிஃபார்ம்ல கீறேன். அவன் போவும்போது பக்கத்துல இருந்தவன் நான். எனக்கு வலிக்காதா? நீ பேசுனா அவன் திரும்ப வர மாட்டான். என்னியும் அனுப்பிடுவானுங்க. அவ்ளோதான் நடக்கும்."

"செரி நைனா" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள். அதற்கு மேல் நாங்கள் வாதாடத் தேவை இருக்கவில்லை.

விளையாட்டு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. லேப் பெண்தான் வழி சொன்னாள். பெஞ்சு மாறி உட்காருங்கள், 'இல்லை' கட்சிக்காக நாலு வார்த்தை பேசுங்கள், அதைப் பிடித்துக்கொள்கிறேன், பழையதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள். அக்கா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். எங்கள் வழக்கத்திலேயே அதற்கு இடம் இருந்தது. பெஞ்சு மாறினால் கட்சி மாறலாம், அதை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை.

திங்கட்கிழமை அதற்காகவே மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்து எங்களோடு ஏறினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகு காட்டும் பெஞ்சில் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததுமே முகம் வெளுத்துவிட்டது. ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். கவரைப்பேட்டை வரட்டும், வண்டி நின்றால் நன்றாகப் பேசலாம் என்று காத்திருந்தோம். அன்றைக்கென்று எந்த எக்ஸ்பிரஸும் வரவில்லை, வண்டி நின்ற உடனே கிளம்பிவிட்டது. ஓடுகிற வண்டியிலேயே லேப் பெண் போனை எடுத்தாள்.

அக்கா நேராகப் போனைப் பார்த்தாள்.

"தலைவரு துரோகி இல்ல" என்றாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் கையால் போதும் என்று காட்டினேன். அவள் பார்க்கவில்லை. "நல்லா யோசிச்சிட்டேன். அவரு துரோகம் பண்ணல. துரோகம் பண்ணணும்னா மொதல்ல நம்மள தெரிஞ்சிருக்கணும். உண்ட ஊட்டுக்குத்தான ரெண்டகம் பண்ண முடியும்? அவரு எவன் ஊட்டுல துன்னாரு? செத்த புள்ளிங்க ஒருத்தன் மூஞ்சியாவது அவருக்குத் தெரியுமா? தெரியாதவனுக்கு ஒருத்தன் எப்படித் துரோகம் பண்ணுவான்? அவரு துரோகி இல்ல. அவருக்கும் நமக்கும் சம்மந்தமே இல்ல."

சொல்லி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தாள். செக்யூரிட்டிக்காரி தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். லேப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முதல் இரண்டு வாக்கியம் மட்டும் போதும் என்று நான்தான் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மிச்சத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தால், முதல் வீடியோவே தேவலை என்று ஆகியிருக்கும். ஒரு பிள்ளையாவது வீடு வந்து சேர வேண்டாமா? அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு, "கட் பண்ணிக்கோ" என்றாள்.

பலித்தது. "தலைவரு துரோகி இல்ல, நல்லா யோசிச்சிட்டேன்" என்கிற வீடியோ பையனுக்குப் போய், அவன் மேலதிகாரிக்குப் போய், அங்கிருந்து எப்படியோ வெளியேயும் போனது. விசாரணையைக் கைவிட்டார்கள். வாசலில் வந்து கத்தியவர்களே இனிப்புப் பெட்டியோடு வந்தார்களாம், வீரத் தாய் என்றார்களாம். கான்ட்ராக்டர் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார். ஒரு கத்தரி அவளைத் துரோகி ஆக்கியது, இன்னொரு கத்தரி வீரத் தாய் ஆக்கியது. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டது எங்கள் இரண்டு பெஞ்சு மட்டும்தான்.

நாங்கள் அதற்குப் பிறகு நாட்டு விஷயம் எதையும் வழக்காக எடுக்கவில்லை. சொல்லப்போனால் எந்த வழக்கையும் சரியாக எடுக்கவில்லை. பேச்சு நடுவில் யாராவது போனைத் தூக்கினால் எல்லோர் வாயும் தானாக மூடிக்கொள்ளும். செக்யூரிட்டிக்காரி நின்றுகொண்டே வர ஆரம்பித்தாள், நின்றால் தூக்கம் வராதாம். நாள் முழுக்க நின்றவள். நான் அலாரம் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். அக்கா தன் பழைய ஜன்னலோரத்தில் பூண்டு உரித்துக்கொண்டு வருகிறாள். அவளுடைய பையன் லீவில் வந்துவிட்டுப் போனான். இளைத்திருந்தான் என்றாள்.

போன வாரம் வண்டி கவரைப்பேட்டையில் வெகு நேரம் நின்றது. பெட்டியில் பாதிப் பேர் தூக்கம். எனக்கு மனசு கேட்காமல், அந்த வடக்கத்தி அம்மா எப்படி இருக்கிறாள், பேசுகிறாளா என்று அக்காவிடம் கேட்டேன்.

பிள்ளை போன பிறகும் அந்த அம்மா ஒரே ஒருமுறை போன் செய்திருக்கிறாள். சாப்ட்டியா என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாளாம், இவளும் அழுதாளாம். அது இரண்டாவது வீடியோவுக்கு முன்னால். அந்த வீடியோவுக்கு யாரோ அவர்கள் பாஷையில் எழுத்துப் போட்டு அந்தப் பக்கமெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். பட்டாளத்துக்காரன் அம்மாவே சொல்கிறாள், தலைவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. அந்த அம்மாவுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து போன் இல்லை. இவள் போட்டாலும் எடுப்பதில்லை.

பையனை விட்டு அவள் பாஷையில் விளக்கச் சொல்லலாமே என்றேன். முழு வீடியோ லேப் பெண்ணிடம் இருக்கிறது, அதையாவது அனுப்பலாமே என்றேன். அனுப்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் சொன்னேன், வேறென்ன சொல்ல முடியும்? அக்கா உரித்த பூண்டைப் பையில் போட்டு, தோலைத் தனியாக ஒரு காகிதத்தில் சுருட்டினாள்.

"தலைவருக்கு அந்தப் புள்ளையத் தெரியாது, வுடு" என்றாள். "எனக்குத் தெரியும். என் கையால குழம்பு ஊத்துனேன். துரோகம் நான்தான பண்ணேன்."

வண்டி இன்னும் கிளம்பவில்லை. அப்படிச் சொல்லாதே அக்கா என்றேன். அவள் அடுத்த பூண்டை எடுத்துப் பிளந்தாள்.